வேலியோரம் வெட்டிய புல்

மலேசியாவின் தம்பின் ஊரில் எங்கள் வீடு, எஸ்டேட்டின் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களை ஒட்டி இருக்கிறது. ஆறு மாதம் பூட்டிக் கிடந்ததில் தோட்டம் முழுக்க லாலான் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. புல் வெட்ட வந்தவர் ஒல்லியான மனிதர், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. மெசின் சத்தத்துக்காக ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்திருந்தார். வேலையைத் தொடங்கும் முன் கம்பால் தரையைத் தட்டிவிட்டு, அசையாமல் நின்று கேட்பது அவர் வழக்கம்.

அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று முதல் நாளே வேலியோரம் சுற்றிலும் நான் வெட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யாரும்மா இப்படி வெட்டுனது?"

"நான்தாண்ணே."

"வீட்டுப் பக்கத்துல ஆரம்பிச்சு வேலிக்குப் போவணும்மா. அப்பதான் பாம்பு செம்பனைக்குள்ள ஓடும். வெட்டுன இடத்த அது தாண்டாது. வேலிய அடைச்சிட்டீங்களே, எங்க போவும்?"

சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. நேற்றும் அப்படித்தான் கிடந்தது.

அவர் கம்போடு உள்ளே போனார். அலமாரிக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

வெளியே வந்து, "ஒன்னும் இல்லம்மா" என்றார்.

மாலைக்குள் தோட்டத்தைச் சுத்தமாக வெட்டி முடித்தார். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். வாசலை ஒருமுறை பார்த்தார்.

"இங்கயே குடுத்துருங்கம்மா."

சப்பாத்தைக் கழற்றச் சோம்பலா, வேறு காரணமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் ஏறும் முன் நானும் இப்போது தரையைத் தட்டிவிட்டு, அசையாமல் நின்று கேட்கிறேன்.