நாலடி குறைந்த குழாய்

மலைமேல் அந்த ஊரில் அடுப்பு மாட்டுகிறவர் அவர் ஒருவர்தான். வீட்டைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்பைச் சுவரோரம் நிறுத்தி, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிடுவது தொழில். யார் வீட்டில் புகை அடித்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாத ஒரே ஆள், இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய அக்கா.

இந்த உயரத்துக்கு வந்து அவர் மாட்டிய முதல் அடுப்பே அக்கா வீட்டு அடுப்புதான். சமவெளியில் கற்ற கணக்குப்படி பன்னிரண்டடிக் குழாய் வைத்தார். அன்றிலிருந்து, பற்றவைக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் திரும்பியது. “விறகு ஈரம்க்கா” என்றார். அக்கா விறகை ஒரு வருஷம் காயவைத்தார். பிறகு இரண்டு வருஷம் காய்ந்ததைத் தேடி வாங்கி எரித்தார். புகை போகவில்லை. கொட்டும் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பெரிக்கிற வீடு அந்த ஊரில் அது ஒன்றுதான். ‘ஈரவிறகு’ என்று அக்காவுக்குப் பட்டம் வைத்தது தம்பியேதான். விளையாட்டாகச் சொன்னது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் வருஷம்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. இங்கே காற்று லேசு. குழாய் இன்னும் உயர்ந்தால்தான் புகையை இழுக்கும். நாலடி கூட்டினால் போதும். அதற்கு முன் மாட்டிய வீடுகளுக்கெல்லாம், “சும்மா பாக்க வந்தேன்” என்று போய்க் குழாயை நீட்டிவிட்டு வந்தார். அக்கா வீட்டுக்கு மட்டும் கால் போகவில்லை. பட்டம் வைத்த வாயால் தப்பு என்மேல்தான் என்று சொல்லவேண்டுமே. மழை விடட்டும், கைவேலை முடியட்டும் என்று எட்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

அதற்குள் அக்காவின் நெஞ்சில் இருமல் குடியேறிவிட்டது. புகை, குளிர் இரண்டும் ஆகாது என்றார் டாக்டர். அக்காவின் மகள் கீழே சமவெளியில் இருந்த தன் வீட்டுக்கு அவரை அழைத்துப்போக வண்டியோடு வந்த காலையில்தான், தம்பி குழாயைத் தோளில் சுமந்து வந்து சேர்ந்தார்.

“வண்டி நிக்கிற நேரத்துல என்ன மாமா இது?” என்றாள் மகள்.

“அரை மணி நேரம் குடும்மா. புகை நின்னுட்டா அம்மா இங்கயே இருக்கலாம்ல?”

கூரையேறி நாலடியையும் பொருத்தினார். இறங்கிவந்து கட்டைகளை அடுக்கிப் பற்றவைத்தார். தீ விறுவிறுவென்று எழுந்தது. அடுப்புக் கதவைத் திறந்தும் ஓர் இழை புகை வெளியே வரவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: “அப்ப விறகு ஈரமில்லையா?”

“இல்லக்கா. குழாய்தான் குட்டை.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “எட்டு வருஷமாச்சு.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “கூப்பிட்டா நீ கேலி பண்ணுவேன்னுதான்டா நான் உன்னைக் கூப்பிடல” என்றார் அக்கா. இருமல் வந்தது, நிற்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இருந்துடேன்க்கா.”

“இனிமேலயா? இந்தக் குளிரத் தாங்குற நெஞ்சாடா இது?” சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். “தீ எரியறப்ப வீட்டப் பூட்டக் கூடாது. அணையறவரைக்கும் இருந்து பூட்டிட்டு, சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துடு.”

அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை போகலாம் என்று தம்பி நினைத்திருந்தார். மகள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சீக்கிரம் அணையட்டும் என்று கம்பியால் கட்டைகளைப் பிரித்துவிட்டார். குழாய் இழுத்த இழுப்பில் தீ இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.