துணிய எடுத்தாச்சா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பின்முற்றத்து நிழலில் ஸ்டாண்ட் போட்டாள். பதினொரு மணிக்குச் சித்தப்பா வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நடுவில் இரண்டரை மணி நேரம். அதற்குள் வண்டியைக் கழுவ வேண்டும், கிளப்ப வேண்டும், ஐந்து நிமிடமாவது அது ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். கழுவுவது ஒரு சாக்கு. சத்தம்தான் காரியம்.

வண்டி அப்பாவுடையது. அவர் போய் ஏழு மாதமாகிறது. அவளுடைய போனில் அவர் அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருக்கிறது. "கிளம்பிட்டேம்மா, வந்துட்டே இருக்கேன்." அதன் பின்னால் கிக்கரை உதைக்கும் சத்தம். அதற்கும் பின்னால் என்ஜின் சத்தம் ஒரு நொடி. அதோடு பதிவு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நொடியை அவள் எத்தனை முறை கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை. அவளுக்கு அதன் அடுத்த நொடி வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடம் அதே வேலை. எந்தக் கட்டடத்திலாவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் போன் வரும், சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். கெட்டுப்போன லிஃப்டில் ஏற முடியாது. எட்டு மாடியானாலும் மோட்டார் அறைக்குப் படிக்கட்டுதான். முழங்கால் எப்படித் தேய்ந்தது என்று கேட்ட டாக்டரிடம், "லிஃப்டால சார்" என்று சொல்லி அவரை முழிக்க வைத்தவர்.

கூட வேலை பார்த்தவருக்குப் பல்லி என்று பெயர். லிஃப்ட் குழியின் சுவரில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்வார் என்பதால் அப்பா வைத்தது. அப்பா மேலே போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை நகர்த்த, பல்லி கீழே கதவோரம் நின்று உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். அப்பாவுக்குப் பேச்சு வராது, பல்லிக்கு நிறுத்த வராது. அந்தப் பல்லிதான் சித்தப்பா. வண்டி அவருக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். "சும்மா நின்னா துருப் பிடிக்கும். மாட்டிக்கிட்டவங்களுக்காவது உதவட்டும்." ஏழு மாதத்தில் அம்மா பேசிய நீளமான பேச்சு அதுதான். மற்றதெல்லாம் சாப்பிடு, கதவைச் சாத்து, விளக்கை அணை.

அவள் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். எழுதி வைத்த வரிசை இல்லாமல் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டாள். நேற்றே உட்கார்ந்து, அப்பா வண்டி கழுவும் முறையை ஞாபகத்திலிருந்து எழுதினாள். பதினொரு படி வந்தது. ஒன்று, என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இரண்டு, சைலன்சர் வாயில் தண்ணீர் போகாமல் துணி அடைக்க வேண்டும்.

அந்தத் துணி ஆணியில் மாட்டியிருந்த பையிலேயே இருந்தது. அவள் எட்டாம் வகுப்பில் போட்ட கறுப்புக் காலுறை. ஜோடியில் ஒன்று தொலைந்துபோக, மிஞ்சியதைச் சுருட்டிப் பந்தாக்கி, மேலே சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி வைத்திருந்தார். அவள் அதைக் குழாய்க்குள் திணித்தாள். கனகச்சிதமாக உட்கார்ந்தது. பதினேழு வருடம் அதே ஓட்டைக்குள் போய் வந்த துணி.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக: டேங்க், சீட், பக்கத் தகடுகள். பழைய பனியன் துணியால் துடைத்தபோது டேங்கின் இடது பக்கம் பெயிண்ட் மங்கியிருந்தது தெரிந்தது. அப்பாவின் முழங்கால் உரசிய இடம். ஓட்டும்போது வலித்தால் அங்கே அழுத்திக்கொள்வார். அவள் அந்த இடத்தை மட்டும் வெறும் கையால் கழுவினாள்.

சக்கரங்களுக்குத் தனித் துணி. அதில் மண் இருக்கும், டேங்கில் பட்டால் கீறிவிடும். சங்கிலிக்கு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும். கறுப்பு கறுப்பாக இறங்கியது. துடைத்து, காயவிட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். ஸ்பார்க் பிளக் பக்கம் தண்ணீர் படவில்லை. பழைய பெட்ரோலை நேற்றே வடித்துவிட்டுப் புதிது ஊற்றியிருந்தாள். பதினோராவது படி: ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, சூட்டில் ஈரம் காயவிட வேண்டும்.

பத்து மணி. உதைத்தாள்.

என்ஜின் ஒரு முறை இருமியது, அடங்கியது. மறுபடி உதைத்தாள். இருமல்கூட இல்லை. பெடல் பஞ்சை மிதிப்பது போல் மெதுவாகத் திரும்பி வந்தது. இருபது உதை. செருப்பு வழுக்கிக் கணுக்காலில் பட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். நீலப் பொறி நன்றாக வந்தது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்தது. காற்று வடிகட்டி சுத்தம். எரிபொருள், பொறி, காற்று மூன்றும் இருந்தால் என்ஜின் ஓடியாக வேண்டும். படித்த படிப்பில் அதற்கு மேல் இல்லை.

பத்தரை. இன்னும் அரை மணி நேரத்தில் பல்லி வந்துவிடுவார். ஓடாத வண்டி என்றால் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கோ ஒரு பட்டறையில், யாரோ ஒருவர் உதைத்து, அது கிளம்பும். அந்தச் சத்தம் இந்த வீட்டில் இனி கேட்காது. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தாள். முதல் திருகிலேயே அது வழுக்கியது.

சமையலறை ஜன்னல் திறந்தது. ஏழு மாதமாகத் திறக்காத ஜன்னல். கொக்கி துருவேறிக் கிறீச்சிட்டது.

"துணிய எடுத்தாச்சா?" என்றாள் அம்மா.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குனிந்து சைலன்சரைப் பார்த்தாள். கறுப்புக் குழாய், அதற்குள் கறுப்புத் துணி. தெரிந்து வைத்துக்கொண்டு பார்த்தாலொழியக் கண்ணில் படாது. எழுதிய பதினொரு படியில் அதை எடுப்பது இல்லை. அப்பா ஒரு நாளும் தானாக அதை எடுத்து அவள் பார்த்ததில்லை. துடைத்து முடித்ததும் இடுப்பில் கை வைத்து வண்டியையே பார்த்தபடி நிற்பார். ஜன்னலிலிருந்து அம்மா கேட்பாள். "அட, ஆமால்ல" என்று எடுப்பார்.

"அப்பாக்கு எப்பவும் மறதிம்மா. எனக்கும் அதே."

"மறதியா, அவருக்கா?" அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல ஒரு வாட்டி மறந்தாரு. அர மணி நேரம் ஒதச்சு, இப்ப நீ உக்காந்திருக்கியே, அதே மாதிரி எல்லாத்தையும் கழட்ட உக்காந்துட்டாரு. நான்தான் சொன்னேன். மெக்கானிக்குக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியதாப் போச்சுன்னு சிரிச்சேன். அதுக்கப்புறம் நான் கேக்காம எடுக்கவே மாட்டாரு. வேணும்னே நிப்பாரு."

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுப் பேசாம இருப்பீங்களே, அப்பக்கூடவா?"

"அப்பத்தான் இன்னும் ரொம்ப நேரம் நிப்பாரு. வெயில்ல நிக்கிறாரேன்னு கேட்டுத் தொலைப்பேன். சண்ட முடிஞ்சு போயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ ஒதைக்க ஆரம்பிச்சப்பவே தெரியும். வாய் வரல."

அவள் காலுறையை இழுத்து எடுத்தாள். ஒரே உதை. கிளம்பியது.

அதேதான். தாழ்ந்த, கொஞ்சம் தொண்டை கட்டிய சத்தம். மூன்று துடிப்புக்கு ஒரு முறை லேசாகத் தடுக்கும். அப்பா சரிசெய்யாமல் விட்டுவைத்த குறை. அதை வைத்துத்தான் வீட்டில் எல்லோருக்கும் அது அப்பாவின் வண்டி. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது நொடி, மூன்றாவது நொடி. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் அம்மா இல்லை. முன்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வண்டியை ஓடவிட்டு, வீட்டைச் சுற்றி ஓடினாள்.

அம்மா கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா ஹாரன் அடித்து வீட்டுக்குள் வந்ததே கிடையாது. சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கேட் திறந்திருக்கும். இப்போது தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மதில்மேல் ஒரு பூனை.

"கை தானா போயிடுச்சு" என்றாள் அம்மா.

அவளும் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பின்னால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்டைச் சாத்தவில்லை.

பல்லி நடந்தே வந்தார். "என்ன அண்ணி, எனக்குன்னு ரெண்டு கதவையும் தொறந்து வெச்சிருக்கீங்க? பலமான வரவேற்பா இருக்கே."

"உனக்கில்ல. உள்ள வா."

சத்தம் காதில் விழுந்ததும் அவர் வாய் நின்றது. முற்றத்துக்குப் போய், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்கின் மங்கிய இடத்தில் கை வைத்து, எடுத்துக்கொண்டார். பல்லி பேசாமல் நின்று அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிளம்பும்போது அம்மா காலுறையை அவரிடம் கொடுத்தாள். "கழுவுறப்ப இத அடைச்சுக்க. எடுக்கச் சொல்லி உன் பொண்டாட்டி கேக்கணும். நீயா எடுக்காத."

"அவ கேக்க மாட்டா அண்ணி. தொலையட்டும்னு விட்ருவா."

"கேக்குற வரைக்கும் நில்லு."

வண்டி கேட்டைத் தாண்டியது. தெருமுனையில் கியர் மாற்றும் சத்தம், அந்தத் தடுக்கல், பிறகு பெரிய தெருவின் இரைச்சல். அந்தச் சத்தத்தை அவள் வருவதாகத்தான் கேட்டிருக்கிறாள். போவதாகக் கேட்டதில்லை, அவர் கிளம்பும் நேரங்களில் காது கொடுக்கத் தோன்றியதில்லை.

அவள் கேட்டைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."