கைதட்டும் தொப்பிகளும் என் மொட்டைத் தலையும்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. ஒரு மாத்திரைக்கு எத்தனை மிடறு தண்ணீர் குடித்தேன் என்பது வரை எண்ணுவேன். எங்கள் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்துக்கு நாற்பத்தாறு படிகள். ஒருநாள் இறங்கும்போது நாற்பத்தைந்துதான் வந்தது. மறுபடி ஏறி இறங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போக மனம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் கடைசிச் சோதனை மேசையில் உட்கார்ந்தவன் நான். அங்கே இந்த வியாதிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபின் வியாதி மட்டும் மிஞ்சியது.

போன வருஷம் கிரிக்கெட் காலத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தார். புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் சின்ன யூனிட் நடத்துகிறவர். முப்பத்தைந்து வயதுக்குள் பாதித் தலை நரைத்திருந்தது.

"சார், ஐந்நூறு தொப்பி. சனிக்கிழமை காலைல வண்டில ஏத்தணும், ஞாயித்துக்கிழமை மேட்ச். ஒண்ணு விடாம செக் பண்ண ஆள் வேணும். உங்கள விட்டா யாரக் கேப்பேன்?"

தொப்பி என்றால் வெறும் தொப்பி இல்லை. உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டார். அதன் மேல் மஞ்சள் நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் கைகள். காதோரம் தொங்கும் ஒயரில் ஒரு பொத்தான். அழுத்தினால் கைகள் இரண்டும் படபடவென்று தட்டிக்கொள்ளும். கைகளும் பல்சக்கரங்களும் காக்களூரில் வார்த்து மூட்டையாக வந்தன. எங்கள் கொட்டகையில் ஆறு பெண்கள் அவற்றைத் தொப்பியில் பூட்டினார்கள்.

"கடவுள் குடுத்த கை ரெண்டு இருக்கே, அப்புறம் எதுக்குப்பா இது?" என்று கேட்டேன்.

"ஒரு கைல போன் சார். இன்னொரு கைல பாப்கார்ன். கைதட்டறதுக்கு எங்க கை இருக்குது?"

அந்தப் பதில் இரண்டு நாள் என்னை உறுத்தியது. என் பிரிவுபசார விழாவில் எனக்காகக் கைதட்டியது பதினோரு விநாடி. நான் எண்ணினேன். மற்றவர்களின் விழாக்களில் நான் எவ்வளவு நேரம் தட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். தட்டியதாகவே நினைவில்லை. அடுத்தவன் தட்டுவதை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன்.

சோதனைக்கு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். தொப்பியைத் தலையில் வைத்துப் பொத்தானை அழுத்துவேன். கண் சுவர்க் கடிகாரத்தில், காது சத்தத்தில். நிமிஷத்துக்கு நூற்றுப்பத்துத் தட்டல் நல்ல தொப்பி. நூறுக்குக் கீழே வந்தால் தள்ளுபடி. ஒவ்வொன்றிலும் யார் பூட்டியது என்று தெரிய ஆறு நிறத்தில் ஸ்டிக்கர். ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எழுபத்தொரு வயது மனிதன், முகத்தில் சிரிப்பே இல்லாமல், தலைக்கு மேல் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குத் தலையில் முடியே இல்லை. என் மனைவியின் கண் அறுவை நல்லபடி முடிந்ததற்குத் திருத்தணியில் மொட்டை போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. பெண்கள் ஆறு பேரும் முன்பு பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். உள்ளே நுழைந்ததும் கொண்டையை வலைக்குள் திணித்து, அதன்மேல் துணித்தொப்பி மாட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம். ஆகவே அந்தக் கொட்டகையில் திறந்த நீளமுடி என்று ஒன்று இல்லவே இல்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆறு பேரில் மெதுவானவர் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருபவர். நாற்பத்தெட்டு வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவருக்கு இது மூன்றாவது கம்பெனி. செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? மோட்டார் கீழ உள்பக்கம் ஒரு ஓட்ட கீது பாருங்க. அதுல முடி மாட்டும் சார். நேத்து நாஷ்டா டைம்ல நெட்ட கழட்டிட்டு நான் போட்டுப் பாத்தேன். சுருக்குனு இழுத்துச்சு."

"நேத்துலேர்ந்து நூத்தி அம்பத்திரண்டு தொப்பி போட்டுப் பாத்துட்டேன்மா. ஒண்ணுகூட மாட்டல."

எதிர் மேசையிலிருந்து இன்னொரு பெண் குரல் கொடுத்தார். "உங்களுக்கு மாட்டறதுக்கு மேல இன்னா சார் கீது? உரிச்ச உருளக்கெழங்கு மாரி கீது!"

கொட்டகையே சிரித்தது. என் முன்னால் நின்ற ஆரம்பாக்கத்துக்காரரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சூடானது. "போய் வேலையப் பாருங்கம்மா" என்றேன்.

அன்று மதியம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டேன். ஆறு கட்டம். யார் ஒரு நாளைக்கு எத்தனை தொப்பி முடிக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினேன். முதலாளி இதைக் கேட்கவில்லை. என் வேலையும் இது இல்லை. மற்ற ஐவரும் நாளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. ஆரம்பாக்கத்துக்காரர் திங்கள் பதினாறு, செவ்வாய் பதினேழு, புதன் பதினெட்டு. நடுநடுவே தொப்பிக்குள் முகத்தைக் கவிழ்த்து, சூடான டீயை ஆற்றுவதுபோல ஊதிக்கொண்டு இருப்பார். விளையாட்டு என்று நினைத்தேன். புதன் மாலை அந்தத் தாளை முதலாளியின் மேசையில் வைத்தேன். நியாயமான கணக்கு என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உருளைக்கிழங்கு வலித்தது என்று சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழன் காலை டீயின்போது முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த ஆர்டருக்கு ஐந்து பேர் போதும். அவர் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளலாம். அவர் வந்து உட்கார்ந்து தொப்பியைக் கையில் எடுத்தார். பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"நிக்க சொன்னா நிக்க வேண்டியதுதான். பொண்ணுக்கு நர்சிங் கடைசி வருசம். இன்னும் எட்டு மாசம் ஓட்டிட்டா போதும்னு நெனச்சேன். இந்த வயசுல இன்னொரு கம்பெனி பஸ்ஸுல யாரு ஏத்துவாங்க?"

நான் அன்றைய முதல் தொப்பியைத் தலையில் வைத்தேன். எண்ணிக்கை தவறியது. திரும்ப எண்ணினேன். அதுவும் தவறியது.

பத்தரை மணிக்கு முதலாளியின் தங்கை வந்தாள். போனில் விளம்பரப் படம் எடுக்க வேண்டுமாம். இடுப்பு வரை முடியை விரித்துப் போட்டிருந்தாள். நான் தேர்ச்சி கொடுத்து அலமாரியில் அடுக்கியிருந்த நானூற்று இருபத்தெட்டுத் தொப்பிகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். சிரித்தபடி பொத்தானை அழுத்தினாள். கைகள் நாலு முறை தட்டின. ஐந்தாவது தட்டலில் அவள் அலறினாள்.

"அண்ணா, இழுக்குது! அண்ணா!"

முதலாளி தொப்பியைப் பிடித்து இழுக்கப் போனார். "கைய எட்றா சாமி!" என்று கத்திக்கொண்டே ஆரம்பாக்கத்துக்காரர் ஓடி வந்தார். முதலாளியை அவர் 'டா' போட்டதை யாரும் கவனிக்கவில்லை. பேட்டரியைத் தட்டிக் கழற்றினார். தன் ரவிக்கையிலிருந்து ஊக்கை எடுத்துச் சக்கரத்தைப் பல் பல்லாகப் பின்னால் நகர்த்தினார். ஒரு முடிகூட வெட்டாமல் கற்றையை விடுவித்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவர் தன் மேசையிலிருந்து ஒரு தொப்பியைக் கொண்டுவந்தார். "பயப்படாத கண்ணு. இத்த போட்டுப் பாரு."

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு போட்டாள். கைகள் தட்டின, தட்டிக்கொண்டே இருந்தன. ஒன்றும் மாட்டவில்லை. நான் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். கறுப்பு உள்துணியில், ஓட்டைக்கு நேராக, கறுப்பு ரெக்சின் வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. தொப்பி முகப்புக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு. பசை காய்வதற்குத்தான் அந்த ஊதல். அவர் ஸ்டிக்கர் ஒட்டிய தொப்பி எல்லாவற்றிலும் அது இருந்தது. அவற்றை எல்லாம் நான்தான் சோதித்தேன். ஒன்றையும் உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க்கா, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று முதலாளி கத்தினார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "மேட்சுக்கு வர்ற பொண்ணுங்க நெட்டு மாட்டிக்கினா வருவாங்க?" என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். முப்பத்தொரு வருஷம் என் மேசையைத் தாண்டிக் கெட்டது ஒன்றும் போனதில்லை என்று இந்த ஊரில் ஒரு பேர் எனக்கு இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

"சொன்னாங்க தம்பி. செவ்வாய்க்கிழமையே எங்கிட்ட சொன்னாங்க. நான் காதுல வாங்கல. சிரிச்சாங்கன்னு கோவம். அந்த லிஸ்ட்டும் அந்தக் கோவத்துல எழுதினதுதான். அத வச்சு இவங்கள நிறுத்தாத."

"இன்னா சார் நீங்க, பேஜார் பண்ணிட்டீங்களே" என்றார் முதலாளி. வேறு எதுவும் சொல்லியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது. பிறகு அவரிடம் திரும்பினார். "நீங்க எங்கயும் போவ வாணாம்க்கா. இனிமே செக்கிங்கும் நீங்களே பாருங்க. நெட்டு இல்லாம."

எத்தனைக்கு வட்டம் ஒட்ட வேண்டும் என்று முதலாளி என்னைக் கேட்டார். நானூற்று இருபத்தெட்டில் அவருடையது ஐம்பத்தொன்று கழித்தால் முந்நூற்று எழுபத்தேழு என்று தாளைப் பார்த்துச் சொன்னேன். நானே உட்கார்ந்து கத்தரித்தேன். விரல் வீங்கியது. பெண்கள் ஒட்டினார்கள், ஊதினார்கள். மீதி எழுபத்திரண்டு தொப்பிகளுக்கு அவர்களே வட்டம் வெட்டி ஒட்டித் தனிப் பெட்டியில் அடுக்கினார்கள். வெள்ளி மாலை எல்லாம் முடிந்தபோது என் முன்னால் ஒரே ஒரு வட்டம் மிஞ்சிக் கிடந்தது.

எங்கேயோ ஒரு தொப்பி வட்டம் இல்லாமல் பெட்டிக்குள் போய்விட்டது. ஏதோ ஒரு பெண்ணின் தலை. பெட்டி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்றேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஐந்தே முக்கால் ரயில் போய்விடும்.

ஆரம்பாக்கத்துக்காரர் திரும்பி வந்தார். "அந்தப் பேப்பர் எங்க சார்?"

எடுத்துக் கொடுத்தேன். தன் பேர் எழுதிய கட்டத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"செவ்வாக்கெழம பதினேழு போட்டுக்கிறீங்க. நான் குடுத்தது பதினெட்டு. அன்னிக்கு காலைல நீங்க என்னைய வெரட்டனீங்களே, அப்ப ஒண்ண உங்க மேசமேலயே வச்சுட்டு வந்தேன். தொப்பி எதுவும் தொலையல சார். உங்க எழுத்துலதான் ஒண்ணு கொறையுது."

நான் நம்பவில்லை. அவருடைய ஸ்டிக்கர் இருந்த பெட்டியை மட்டும் பிரித்து எண்ணினேன். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

"சரியா கீதா?"

"சரியா இருக்கும்மா."

"அப்ப திருத்துங்க."

அந்தத் தாளால் இனி யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தார். வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் பேனாவை எடுத்து, பதினேழை அடித்து, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.