குக்கரில் ஆவி வராத வாரங்கள்

என் அக்காவின் வீட்டுக்காரருக்குப் படம் வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், படம் வரைந்துதான் அவர் பெயர் வாங்கியிருக்கிறார்.

தொழில் வேறு. மிக்ஸி, மின்விசிறி, வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர் அத்தான். வீட்டுக்குக் கீழேயே கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். கழற்றுவதில் அவர் சூரர். மாட்டும்போதுதான் எப்போதும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "அது சும்மா பேருக்குப் போட்டிருப்பான்" என்று அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். அந்த டப்பா நிறைந்து இன்னொன்று வைத்தபோது தெருவே அவருக்கு 'மிச்ச ஸ்க்ரூ' என்று பெயர் சூட்டியது. பொருத்தமான பெயர்.

இந்த மனிதர்தான் கடையில் ஆள் வராத நேரத்தில், போனில் விரலால் தேய்த்துத் தேய்த்து, வாரம் ஒரு சிரிப்புப் படக்கதை வரைந்து இணையத்தில் போடுகிறார். மனித முகம் அவருக்கு வராது. மூக்கு வைத்தால் கத்தரிக்காய் ஆகிவிடும். அதனால் வீட்டில் எல்லோரையும் பாத்திரமாக்கிவிட்டார். அவர் ஒரு நசுங்கிய டம்ளர். அக்கா கரண்டி. அங்கேயே வந்து இருக்கும் என் அம்மா, மூக்குக்கண்ணாடி போட்ட பிரஷர் குக்கர். அந்தக் குக்கரையும் ஒரே ஒரு முறைதான் வரைந்தார். பிறகு வாரா வாரம் அதையே நகலெடுத்து ஒட்டுகிறார். மாறுவது ஆவி மட்டும். அம்மா லேசாகக் கடிந்துகொண்டால் ஒரு இழை. கோபித்தால் மேகம். அவர் அம்மாவின் சீப்பை எடுத்து மோட்டாரில் சிக்கிய நூலைச் சுரண்டிய வாரம், கட்டம் முழுக்க வெள்ளை.

இவ்வளவு சோம்பேறித்தனத்தையும் ஜனங்கள் 'எளிமை' என்று பாராட்டினார்கள்.

நானும் ஒரு வாரம்கூட விடாமல் படித்தேன். ரசித்து அல்ல. தூர தேசத்தில் இருப்பவனிடம் வீட்டில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் காய்ச்சல் வந்த சேதியே வரும். அம்மாவைக் கேட்டால் "எனக்கென்ன" என்பாள். அக்காவைக் கேட்டால் "நீ அங்க உன் வேலையப் பாரு" என்பாள். ஆகவே அம்மாவின் உடல்நிலையை நான் குக்கரின் ஆவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி பொங்கினால் அம்மா சௌக்கியம்.

அவள் பேச்சை மட்டும் அத்தான் கெடுக்கவில்லை. அப்படியே எடுத்துப் போட்டார். மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் ஒரு எழுத்துக் குறையாமல் திட்டுவது அம்மாவின் தனித்திறமை. ஒருமுறை அவர் ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டார். குக்கர் கேட்டது: "மாப்பிள்ளை, ஈரத் துணி போட்டு வெச்சிருக்கீங்களே, நாற்காலிக்குக் காய்ச்சலா?" கடைசிக் கட்டத்தில் டம்ளர் பதில் சொன்னது: "ஆமா அத்தை, நீங்க பேசறதக் கேட்டுச் சூடாயிடுச்சு." குக்கரின் மூடி பறந்தது. எல்லாக் கதையும் இப்படித்தான் முடியும். டம்ளர் ஒரு வார்த்தை சொல்லும், மூடி பறக்கும்.

பிறகு அந்த வாரம் வந்தது.

டம்ளர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே போட்டு உடைக்கிறது. அடுத்த கட்டத்தில் குக்கர். "பரவால்ல மாப்பிள்ளை, கால்ல குத்திடலையே?" மேலே ஆவி இல்லை. ஒரு இழைகூட இல்லை. கடைசிக் கட்டத்தில் டம்ளர் வாயடைத்து நிற்கிறது.

கீழே வாசகர்கள் அழுது தீர்த்திருந்தார்கள். ஒருவருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். ஒருவர் இப்போதே மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். எனக்கும் இப்படி ஒரு அத்தை வேண்டும் என்று கேட்டு எழுதியவர், போன வாரம்தான் இந்தக் குக்கரை ஏன் இன்னும் பழைய பாத்திரக்காரனுக்குப் போடவில்லை என்று கேட்டவர். ஆவிக் கோடு ஒன்றை அழித்தால் ஊரே அழுகிறது. நெகிழ்ச்சி அவ்வளவு மலிவு.

எனக்கு வாயில் இருந்த ரொட்டி இறங்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் "இந்தப் போர்வைய யாரு இப்படி மடிச்சது?" என்று கேட்டவள் என் அம்மா. கிண்ணம் உடைந்தால், குத்தியது யார் காலில் என்று அவள் பார்க்க மாட்டாள். போட்டது யார் கை என்றுதான் பார்ப்பாள்.

உடனே போன் செய்தேன். "சாப்பிட்டியாப்பா?" என்றாள். ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று வேண்டுமென்றே சொன்னேன். "உனக்கு எது வசதியோ அப்படிச் செய்யிப்பா" என்றாள். என் வசதி என்ற பேச்சை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னால், அம்மாவுக்கு வயதாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்படுகிறாள். பக்குவமாம். எழுபது வயது வரை எட்டிப் பார்க்காத பக்குவம் ஒரே வாரத்தில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குமா? 'திடீர் குணமாற்றம்' என்று இணையத்தில் தேடினேன். மூளையில் வரக்கூடிய அத்தனையும் வரிசையாக வந்தன.

அடுத்த வாரம் குக்கர், டம்ளரின் வேலையைப் புகழ்ந்தது. அதற்கடுத்த வாரம் மின்விசிறியைத் தன் பக்கத்திலிருந்து டம்ளர் பக்கமாகத் திருப்பி வைத்தது. ஆவி இல்லை. வாசகர் கூட்டம் இரண்டு மடங்கானது. எவரோ ஒருவர் 'உறவின் ஈரம்' என்று தலைப்பிட்டு நீளமாக எழுதியிருந்தார். பாத்திரத்தில் ஈரம் இருந்தால் துடைத்து வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும். நான் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

புகழ் உச்சியில் இருந்த அத்தானும் நன்றாக இல்லை என்று அக்கா வழியாகத் தெரிந்தது. ஒரு வாஷிங் மெஷினை மாட்டி முடித்தபோது ஸ்க்ரூ அல்ல, ஒரு சின்னச் சக்கரமே மிஞ்சியதாம். கடைசியில் அவரே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். அம்மா எண்ணிவிட்டு நன்றி சொன்னாளாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, இவ்வளவு அமைதியான நோயாளியைத் தான் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அத்தான் வேறு டாக்டரின் விலாசம் கேட்டார்.

அன்று மாலை அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, போனைச் சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது பாதிச் சுவர், அம்மாவின் பக்கவாட்டு முகம், ஒரு காலி நாற்காலி. அத்தான் வந்தார். கையில் ஈரத் துண்டு. சொட்டச் சொட்ட அதை அம்மாவின் கண் முன்னால் நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார். போட்டுவிட்டு நின்றார்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை, காயட்டும்" என்றாள் அம்மா.

அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "அத்தை, ஒரு வார்த்தை திட்டிடுங்க."

"நான் எதுக்குத் திட்டணும்? நீங்க பெரிய ஆளு."

"எனக்குப் பயமா இருக்கு அத்தை. காலைல உங்க ரூம் கதவு திறக்கற வரைக்கும் ஒரு வாய் டீ இறங்க மாட்டேங்குது. டாக்டர் ஒண்ணுமில்லங்கறாரு. எனக்கு நம்பிக்கையில்ல."

குரல் உடைந்துதான் இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "நாற்காலிக்குக் காய்ச்சலான்னு நான் கேட்டேனே, அன்னிக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

அத்தானுக்கு முகம் மாறியது. "ஒண்ணும் சொல்லல அத்தை."

"என்ன பண்ணீங்க?"

"துண்ட எடுத்துட்டுப் போயிட்டேன்."

"அப்ப ஊர் முன்னாடி சூடாயிடுச்சுன்னு பதில் சொல்லுதே, அது யாரு வீட்டு டம்ளர்?"

சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஆடியது. அத்தான் அதைச் சரிசெய்து கொடுத்தார். வழக்கம்போல ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. அம்மா அந்த மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய், வீட்டில் ஒரு மெக்கானிக் இருந்தும் இந்தக் கதியா என்று புலம்பியிருக்கிறாள். கடைப்பெண் சிரித்துவிட்டு, நீங்கள் அந்தக் குக்கர் அத்தை மாதிரியே பேசுகிறீர்கள் என்று தன் போனைக் காட்டியிருக்கிறாள். பட்டன் போனைத் தவிர வேறு தொடாத அம்மா, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து முதல் கதையிலிருந்து படித்து முடித்திருக்கிறாள். தன்னைக் குக்கராக்கியதில் அவளுக்கு வருத்தமில்லை. திட்டியதை எல்லாம் வார்த்தை மாறாமல் போட்டிருந்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போலத்தான் பேசினாள். பொறுக்காதது அந்தக் கடைசிக் கட்டம்.

"எதிர்ல வாயத் திறக்க மாட்டீங்க. அங்க போய் உக்காந்து ஜெயிச்சுக்கறீங்க. சரி, நான் ஒண்ணுமே சொல்லலைன்னா எதுக்குப் பதில் எழுதறீங்கன்னு பாக்கலாம்னுதான்."

வீட்டில் எது பேசினாலும் அவர் காதில் விழும் என்று என்னிடமும் சேர்த்து இனிப்பாகப் பேசியிருக்கிறாள். என் பல இரவுத் தூக்கம் அதற்குக் காணிக்கை.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ திட்டாததுக்குத்தான் இப்ப இன்னும் கூட்டம். எல்லாரும் அழறாங்க."

அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "நான் சும்மா இருக்கறதப் பாத்தா? அதுங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

இந்த ஒரு விஷயத்தில் நானும் அம்மாவும் முழுக்க ஒரே கட்சி.

இனிமேல் கடைசி வார்த்தை குக்கருக்குத்தான் என்று அத்தான் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டார். அம்மா தலையாட்டினாள். பிறகு, "முதல்ல அந்தத் துண்ட எடுங்க, நாற்காலி ஊறிப் போகுது" என்றாள். துண்டைப் பார்த்துத் திரும்பிய அவள் கண் சர்க்கரை டப்பாப் பக்கம் வந்தது. "இங்க ஒருத்தன் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கான். ஏண்டா, உனக்கு ஆபீஸ் கிடையாதா?"

டிக்கெட் பக்கத்தை மூடினேன்.

இதோடு விட்டிருந்தால் அத்தானை மனிதர் என்று ஒத்துக்கொண்டிருப்பேன். விடவில்லை. அந்த வாரமே வரைந்துவிட்டார். வரைந்து, கெடுத்துவிட்டார். டம்ளர் குக்கர் மேல் சாய்ந்திருக்கிறது. பின்னால் பெரிய சிவப்பு இதயம். ஆறு வருடமாக ஆவியைத் தவிர வேறெதையும் தொடாதவர், இந்த முறை மெனக்கெட்டுக் குக்கரின் பக்கவாட்டில் கண்ணீர் வரைந்திருந்தார், சொட்டுச் சொட்டாக. அன்று அந்த அறையில் யாரும் அழவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ இறங்கவில்லை என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு வரிதான் அங்கே நிஜமாக நடந்தது. அதைக் காணோம். வாசகர்கள் வழக்கம்போலத் தூசி விழுந்த கண்களோடு வந்து குவிந்தார்கள்.

அம்மா அக்காவின் போனை வாங்கிப் பார்த்தாளாம். வெகுநேரம் பார்த்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டாளாம்.

"மாப்பிள்ளை, குக்கர் பக்கவாட்டுல தண்ணி ஒழுகுதுன்னா கேஸ்கெட் போயிடுச்சுன்னு அர்த்தம். ரிப்பேர் கடை வெச்சிருக்கறவருக்கு இதுகூடவா தெரியாது?"

அத்தான் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார் என்று அக்கா சொன்னாள். மறுவாரக் கதை அதுதான். கடைசி வார்த்தை குக்கருடையது. டம்ளர் பேசாமல் நிற்கிறது. ஆவி கட்டத்தை நிரப்பி, கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்திலும் வழிகிறது.

கீழே ஒரே புகார். போன வாரம் வரை இருந்த அந்த அன்பான அத்தை எங்கே போனார் என்று கேட்கிறார்கள்.

போனவள் போனவளாகவே இருக்கட்டும். நான் படத்தைப் பெரிதாக்கி ஆவியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஆறிப்போன ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன்.