பதிவு முடிந்தது, தாலி ஏறவில்லை

சனிக்கிழமை மத்தியானம் மலைமேல் எங்கள் தேயிலை எஸ்டேட் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் கிடையாது. எடுக்கச் சொல்லி யாரும் கெஞ்சவும் இல்லை. வாரம் முழுக்கத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆசிரியர் குடியிருப்புக் கதவைச் சாத்தினால், திங்கள்கிழமை காலை வரை நான் பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. அந்த நீளத்தை நடுவில் உடைக்க ஒன்று வேண்டியிருந்தது. இதை நான் வெளியில் சொல்வதில்லை. கேட்பவர்களிடம் சமூக சேவை என்கிறேன்.

வகுப்புக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடையில் நிற்கும் ஒரு பெண், தானா ராத்தா டவுனில் ஹோட்டல் அறை துடைக்கும் இரண்டு பேர், எஸ்டேட் தேத்தண்ணிக் கடையில் கல்லாவில் இருக்கும் அக்கா. அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாய் மூடாது. சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களிடம் 'நோ சுகர், நோ மில்க்' என்பதோடு நிற்காமல், எந்த ஊர், எத்தனை பிள்ளை, மருமகள் எப்படி என்றெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகவே வருகிறார்.

அன்றைக்குப் பாடம் குடும்பம், காதல், கல்யாணம். இங்கிலீஷ் கற்பவர்களுக்கான ஒரு பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்து நகல் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சிங்கிள், எங்கேஜ்ட், மேரிட், டிவோர்ஸ்ட், விடோ என்று வரிசையாகக் கட்டங்கள். மேலே ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டும் படம். 'டேட்டிங்' என்ற சொல்லை நான் விளக்கி முடிப்பதற்குள் மண்டபம் இரண்டுபட்டது.

"வெளிய கூட்டிட்டுப் போயி சாப்பாடு வாங்கிக் குடுத்து, அப்புறம் புடிக்கலன்னு சொல்லலாமா? நல்லாருக்கே டீச்சர் இது!" என்றாள் ஸ்ட்ராபெரி கடைப் பெண்.

"எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு அப்புறமே ஒருநாளும் கூட்டிட்டுப் போனதில்லலா" என்றார் அக்கா. "இந்த முப்பது வருசத்துக்கு அந்தாள்கிட்ட பாக்கி டேட்டிங் கேக்கணும்."

சிரித்து அடங்கிய பிறகு, அக்கா தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "டீச்சர், எம்மகளுக்குப் போன மாசம் ரிஜிஸ்டர் ஆயிருச்சு. தாலி இனிமேதான். அவ இதுல எந்தக் கட்டம்?"

இந்த மலாய் நாட்டுத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் இரண்டு முறை நடக்கும். முதலில் பதிவு. கையெழுத்து, மோதிரம், சாட்சிக்கு நாலு பேர், பிறகு ஒரு மத்தியானச் சாப்பாடு. சட்டப்படி அத்தோடு புருஷன் பெண்டாட்டி. ஆனால் பெண் அவள் வீட்டுக்குப் போவாள், மாப்பிள்ளை அவன் வீட்டுக்குப் போவான். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் கோயிலில் தாலி ஏறிய பிறகுதான் கல்யாணம். அதுவரை அவள் 'ரிஜிஸ்டர் பண்ண பொண்ணு'.

"மேரிட்னு போடுங்க" என்றாள் ஒருத்தி. "தாலி கட்டலையே, எங்கேஜ்ட்தான்" என்றாள் இன்னொருத்தி. "தாலி ஏறலன்னா அது கன்னிப்பொண்ணுதான், சிங்கிள்னே போடு" என்று அக்காவே தீர்ப்புச் சொல்லி, பேனாவால் கட்டத்தில் கோடும் போட்டுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த பக்கத்துக்குப் போவோம் என்றேன்.

நானும் ரிஜிஸ்டர் பண்ண பொண்ணுதான். ஏழு வருஷமாக.

அவரை என்னவென்று சொல்வது? கணவர் என்றே சொல்கிறேன், சர்டிபிகேட் இருக்கிறதே. ஈப்போவில் வேலை. மூன்று வருஷம் பழகினோம். பதிவை அவசரப்படுத்தியது நான்தான். ஆசிரியர்களுக்குத் தெரியும், மாற்றல் கேட்க 'கணவரோடு சேர்ந்து வாழ' என்பதைவிடப் பலமான காரணம் கிடையாது. தாலிக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருஷம் இந்தக் குளிரில் கிடக்க வேண்டும் என்று, முந்திக்கொண்டு பதிவு செய்தோம். கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. சர்டிபிகேட் நகலை இணைத்து மாற்றலுக்கு எழுதிப் போட்டேன். இடமில்லை என்று பதில் வந்தது. மறுவருஷமும் எழுதினேன். மறுவருஷமும் வந்தது.

தாலிக்குக் குறித்த மாதத்துக்கு முன்னால் அவர் அப்பா தவறிவிட்டார். ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கூடாது என்றார்கள். சரி என்றோம். அந்த வருஷம் முடியவும் கோவிட் வந்தது. கோயில் பூட்டு, மண்டபம் பூட்டு, மாநில எல்லையில் போலீஸ். அதுவும் திறந்தது. திறந்த பிறகு நாள் பார்க்கச் சொல்லிக் கேட்பது நான் மட்டும்தான் என்று தெரிய எனக்கு இன்னொரு வருஷம் பிடித்தது. வாரம் தவறாமல் மலையேறி வந்தவர் மாதத்துக்கு ஒரு தடவையானார். பிறகு போன். பிறகு தீபாவளி வாழ்த்து. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. நான் சண்டைக்கு எப்போதும் தயாராக இருக்கிற ஆள், அந்த மனுஷன் அதற்குக்கூட வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னால்தான் அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. வேறொரு பெண்ணைப் பார்த்திருக்கிறார்களாம். ரெண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டால் கோர்ட்டில் சீக்கிரம் முடிந்துவிடுமாம். 'உனக்கும் நல்லதுதான்' என்று கடைசி வரி. போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. புதுப் போன் என்பதால் மெத்தையில் எறிந்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மா கெடாவில் தம்பி வீட்டில் இருக்கிறார். அழுவார் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டார், நிம்மதியாக.

"போனா போவுது, சனியன் விட்டுச்சு. கையெழுத்துப் போட்டுட்டு வா. தாலியா கட்டுனான்? கழுத்துல ஒண்ணும் ஏறலயே. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. வேற எடம் பாப்போம்."

"ஏழு வருஷம்மா."

"என்னடி ஏழு வருஷம்? ஒரு நாளாச்சும் அவன்கூடக் குடும்பம் நடத்துனியா?"

இல்லை. குடும்பம் நடத்தவில்லை. ஆனால் அவர் அப்பா இறந்தபோது மருமகள் என்று சொல்லி என்னைத்தான் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். சம்பள உயர்வுத் தாளில், ஆஸ்பத்திரிச் சீட்டில், பள்ளிக்கூடப் பதிவில் எல்லாவற்றிலும் மேரிட் என்று நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வாரமும் அவருக்காகச் சமைத்து வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றேன். இது எதுவும் கழுத்தில் ஏறவில்லை, உண்மைதான். அப்படியென்றால் இப்போது எனக்கு வலிப்பது எது? யாராவது ஒருவர், 'ஐயோ, உன் கல்யாணம் முறிஞ்சுபோச்சே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாயாக அலைந்தேன்.

மனுவில் கையெழுத்துப் போட விடுப்பு எடுத்து ஈப்போவுக்கு இறங்கினேன். அவரும் வந்திருந்தார். வக்கீல் ஆபீசில் இருந்த சீனப் பெண், பாரத்தை நிரப்பிக்கொண்டே மலாய் மொழியில் கேட்டாள், கணவன் மனைவியாகக் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி என்ன? நான் அவரைப் பார்த்தேன், அவர் மேசையைப் பார்த்தார். இல்லை என்றேன். அவள் தலையைத் தூக்கி, மறந்துவிட்டேன் என்று நினைத்து, பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

சில வாரம் கழித்துக் கோர்ட்டில் எங்கள் முறை ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பிள்ளைகள் உண்டா? இல்லை. இரண்டு பேருக்கும் சம்மதமா? சம்மதம். வெளியே வந்ததும் "சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் 'பாஸ்ட் டென்ஸ்' நடத்தினேன். இறுதித் தாள் மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது. மின்சார பில்லோடு சேர்ந்து வந்தது.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது அந்தத் தாள் மேசைமேல்தான் கிடந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. தாம்பூலத் தட்டை நீட்டி, "டீச்சர், மொத நாளு நலங்கு வைக்க நீங்க வரணும். சுமங்கலிப் பொம்பளைங்க ஏழு பேரு வேணும்லா. ஒங்க வீட்டுக்காரரு ஈப்போல இருந்தா என்னா, அவரையும் வரச் சொல்லுங்க" என்றார். கணவர் ஈப்போவில் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தது நான்தான்; தாலி சட்டைக் கழுத்துக்குள் இருக்கும் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும்.

பொய் சொல்லியிருக்கலாம். தலைவலி, காய்ச்சல், மீட்டிங், எத்தனையோ இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் கன்னத்தில் மஞ்சள் பூசும் விஷயம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் முறையாக முழுசாக ஒரு ஆளிடம் சொன்னேன். அக்கா வாயில் கை வைத்துக் கேட்டார். 'ஐயோ' வரப்போகிறது என்று என் நெஞ்சு தயாராகிவிட்டது.

"தாலி கட்டுனாரா டீச்சர்?"

"இல்லக்கா."

"சேந்து இருந்தீங்களா?"

"இல்ல."

அக்கா முகம் அப்படியே மலர்ந்தது. "அடப் போங்க டீச்சர், நான் பயந்தே போயிட்டேன்! அப்ப ஒண்ணும் ஆவலலா. நீங்க இன்னும் பொண்ணுதான். நலங்கு வேணாம், முகூர்த்தத்தன்னிக்கு பொண்ணுங்களோட நில்லுங்க. தாலித் தட்ட நீங்க எடுத்துட்டு வாங்க. எனக்கு வேற மகளா இருக்கு?"

மனசார, அன்போடு சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை.

ரிங்லெட்டில் ஒரு மண்டபம். மற்ற பெண்களுக்குப் பதினாலு, பதினைந்து வயது இருக்கும். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். "டீச்சர், நீங்களுமா?" என்று ஒருத்தி கேட்டாள், மற்றவள் அவளைக் கிள்ளினாள். ஐயர் தேங்காய்மேல் தாலியைச் சுற்றி வைத்துத் தட்டைக் கொடுத்தார். முப்பத்தாறு வயதில் ஒரு தாலிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான். வரிசை வரிசையாகக் கொண்டுபோனேன். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். என்னோடு வந்த பெண் அரிசியும் பூவும் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு அம்மா. மாப்பிள்ளைக்கு அத்தை முறை என்று பிறகு தெரிந்தது. தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் வகிட்டையும் கழுத்தையும் பார்த்தார்.

"ஒனக்கு எப்பம்மா?"

சும்மா சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். "எனக்கு ஆயிருச்சும்மா" என்றேன். "ரிஜிஸ்டர் பண்ணி ஏழு வருஷம். தாலி கட்டறதுக்குள்ள முறிஞ்சு போச்சு. இந்த வருஷம் டிவோர்ஸ்."

அவர் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "என்னம்மா நீ, இதச் சொல்ல வேணாமா" என்று மெதுவாகச் சொல்லி, எழுந்து, இரண்டு கையாலும் தட்டை என்னிடமிருந்து வாங்கி, பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்தார். "நீ போயி ஒக்காரும்மா" என்றார். மேடையில் இருந்த அக்கா எதையும் பார்க்கவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். கடையில் வரிசையில் யாராவது முந்தினாலே சண்டைக்குப் போகிறவள் நான். ஆனால் கை வெறுமையாக நடந்துபோகும்போது எனக்கு வேறொன்றுதான் தோன்றியது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்பதை நம்பிய முதல் மனுஷி அந்த அம்மாதான். கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டி மேளம் கொட்டும்போது அழுதேன்.