தேங்காய், கயிறு, சூரியன்

இன்று காலை மருந்துச்சாலையில் நான் கலக்கிய மீன் எண்ணெய் எமல்ஷன் பிரிந்துவிட்டது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நான் அவசரத்தில் ஒரேயடியாக ஊற்றிவிட்டேன். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, நடுவில் பிசின் திப்பி திப்பியாக. மருந்தரைக்கும் கல்வத்தைக் கழுவக் குனிந்தபோது அந்த வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் அதை முகர்ந்ததில்லை என்றால் அப்படியே இருந்துவிடுங்கள். இராஜாக்கமங்கலம் கடற்கரையில் சாளை மீன் காயும் வாடைக்கு ஒரு நேர்மை உண்டு. இது அதே மீன், சீமைக்குப் போய்ப் படித்துவிட்டுக் குப்பிக்குள் உட்கார்ந்து திரும்பி வந்த வாடை.

இந்த வாடை வந்தால் எனக்கு ஒரு அறை ஞாபகம் வரும். எங்கள் கோயிலுக்குப் பின்னால், பீடத்தை ஒட்டி, போதகர் அங்கி மாற்றுகிற சின்ன அறை. அதில் என்னென்ன இருந்தன என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன்: ஒரு ஜன்னல், ஒரு கதவு, கை வைத்த நாற்காலி மூன்று, கை வைக்காத முக்காலி ஒன்று, மெழுகுவர்த்திப் பெட்டி, பழைய கம்பளம், வௌவால் புழுக்கை. கதவு சாரலில் ஊதி, கட்டளை என்கிற நிலைச்சட்டத்தில் இறுகிக்கொள்ளும். உள்ளே போனவர் வெளியே வர வேண்டுமானால் யாராவது ஓர் ஆண்பிள்ளை தோளால் இடிக்க வேண்டும். ஒரு பரீட்சைக்காக அங்கே போய் நான் முக்காலியில் உட்கார்ந்தேன். மருந்துச்சாலையிலிருந்து நேராக வந்ததால் கையில் மீன் எண்ணெய் வாடை. கைகளைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன், வாடை மறையவில்லை.

இருபத்தெட்டாம் வருஷமோ இருபத்தொன்பதோ. எனக்கு அப்போதுதான் மருந்து கலக்கும் படிப்பு முடிந்திருந்தது. ஊருக்குப் பக்கத்து மிஷன் மருந்துச்சாலையில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். நிரந்தரமாக வேண்டுமானால் சபையில் முழு அங்கத்தினராக வேண்டும். அதற்கு விசுவாசப் பரீட்சையில் தேற வேண்டும். போதகருக்குக் கையில் ஏழெட்டுச் சபைகள் இருந்ததால், எங்கள் ஊர்ப் பரீட்சையைச் சபைக் காரியம் பார்க்கும் மூன்று டீக்கன்மாரிடம் விட்டிருந்தார். மூவரும் சம்மதித்தால்தான் தேர்ச்சி. தவறினால் அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து. அதற்குள் என் இடத்தில் வேறொருத்தி வந்துவிடுவாள்.

அதற்குள் மாமியும் வந்துவிடுவாள். மாமி அப்பாவின் தங்கை. மகனுக்குத் திருவட்டாறு பக்கம் பலசரக்குக் கடை. மாமிக்கு இடுப்பு வலி. இந்த மூன்று விஷயங்களையும் சேர்த்தால் என் கல்யாணம் என்று அவள் கணக்கு.

"மருந்து கலக்கினது போரும் மக்கா. வந்து கொழம்பக் கலக்கு. வீட்டுல ஒரு பொம்பள ஆளில்லாம நான் ஒடிஞ்சு கெடக்கேன்" என்றாள்.

"அத்தான் என்ன சொல்லுகாவ மாமி?"

"அவன் என்ன சொல்லுகதுக்கு? கடையில நிக்கான். ஆளு வேணும்னு நான் சொல்லுகேன். அதுக்கு மேல அவன் என்ன சொல்லப் போறான்?"

பிறகு அப்பாவைப் பார்த்து, "அண்ணன் என்ன சொல்லுகிய?" என்றாள். அப்பா கூரையைப் பார்த்தார். மாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு படி அரிசியும் எங்கள் மரத்து முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போனாள். பரீட்சையில் தேறாவிட்டால் ஆவணியில் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பு என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனதாகக் கேள்வி.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. நாளெல்லாம் சொற்களைத் தலைகீழாகக் கையில் வைத்திருந்ததாலோ என்னவோ, வாயில் ஒன்றும் மிஞ்சாது. அம்மை உயிரோடு இருந்தவரை அவர் என்னிடம் பேசியது அம்மை வழியாகத்தான். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் அம்மையிடம், "அவளுக்குக் குடை வேணுமான்னு கேளு" என்பார். அம்மை திரும்பி, "ஏட்டி, குடை வேணுமான்னு அப்பா கேக்காவ" என்பாள். நான் அம்மையிடம் "வேண்டாம்னு சொல்லு" என்பேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது பேச்சு. அதில் குறை இருந்ததாக அப்போது எனக்குத் தெரியாது.

அம்மை போன பிறகு அப்பா அடுக்களை வாசலைப் பார்த்து, "கஞ்சி வச்சாச்சா" என்பார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நான் இந்தப் பக்கம் கிணற்றடியில் நிற்பேன். நானும் அடுக்களையைப் பார்த்தே "வச்சாச்சு" என்பேன்.

பரீட்சைக்கு வருவோம். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானம், இராப்போஜனம் எல்லாம் யாருக்கும் வந்துவிடும். தலையை உருட்டுவது திரித்துவம். அதிலும் விடை முக்கியமில்லை, உவமை முக்கியம். எங்கள் டீக்கன்மார் ஒவ்வொருவருக்கும் ஓர் உவமை உண்டு. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மிஷனரியிடம் கேட்டது. ஆண்டாண்டாகச் சொல்லிச் சொல்லி, உவமையே உபதேசம் என்று ஆகிவிட்டது. வயல்காரர் தேங்காய் டீக்கன்: கதம்பை, சிரட்டை, பருப்பு, மூன்றும் ஒரு தேங்காய். ஜவுளிக்கடைக்காரர் கயிறு டீக்கன்: மூன்று இழை, ஒரு கயிறு. ஓய்வு பெற்ற வாத்தியார் சூரிய டீக்கன்: சூரியன், வெளிச்சம், சூடு. பரீட்சைக்குப் போகிறவர்கள் அன்று யார் கேட்பார் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வார்கள். ஆள் தெரிந்தால் உவமை தெரியும். எனக்கு முந்திப் போன ஒருத்தி ஜவுளிக்கடைக்காரரிடம் தேங்காயைச் சொல்லி, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லித் திரும்பிவந்தாள்.

என் கெட்ட நேரம், அன்று மூவரும் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார்கள். அது கட்டளையில் ஏறி இறுகிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு அந்த மூன்று உவமைகளோடும் மனக்கசப்பு இருந்தது. மருந்து கலக்குகிறவளுக்குச் சேர்மானம் என்றால் சும்மா விட முடியாது. சிரட்டை முழுத் தேங்காய் அல்ல, ஒரு பங்குதான். ஆனால் குமாரன் தேவனில் ஒரு பங்கு என்று யாரும் சொல்வதில்லை, முழுத் தேவன் என்றுதான் சொல்கிறோம். கயிறும் அதே கதை. சூரியன் கொஞ்சம் தேவலை; ஆனால் சூடு ஓர் ஆள் இல்லை, சூட்டைப் பார்த்து யாரும் ஜெபம் பண்ண முடியாது. தண்ணீர், பனிக்கட்டி, ஆவி என்று பட்டணத்து உவமை ஒன்று உண்டு. அதில் ஒரே பொருள் வேஷம் மாற்றுகிறது. ஒரு வேஷத்தில் இருக்கும்போது மற்றது இல்லை. அப்படியானால் குமாரன் யாரிடம் ஜெபித்தார்? எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அய்யாவழி மார்க்கத்துக் குடும்பம். அந்த வீட்டு அக்கா ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே, "சாமி ஒண்ணுன்னு சொல்லுகிய, பெறவு மூணு பேரு சொல்லிக் கும்பிடுகிய. எது செரி பிள்ளே?" என்று சாதாரணமாகக் கேட்டாள். ரெண்டும் சரி என்றேன். "கொள்ளாம்" என்று மெச்சுவது போலச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு மூன்று டீக்கன்மாரையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

வாத்தியார் ஆரம்பித்தார். "திரித்துவம்னா என்ன? சொல்லு பாப்போம்."

ஒப்பித்தேன். தேவன் ஒருவரே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள். பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல. மூவரும் ஒரே தேவன்.

"அது புஸ்தகத்தில உள்ளது. வெளங்குத மாதிரி சொல்லு."

மூன்று முகங்களும் என் பக்கம் நீண்டன. வயல்காரர் நல்ல மனுஷன், மெதுவாக, "கதம்பை... சிரட்டை..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"தேங்காய விடும்வே" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "உடச்சா தீந்து போச்சு. கயிறாக்கும் செரி."

"கயிறு அறாதா?" என்றார் வயல்காரர்.

"நான் விக்க கயிறு அறாது."

"நீரு கயிறு எப்பம்வே வித்தீரு? துணியில்லா விக்கீரு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மிண்டாம இருங்க" என்றார் வாத்தியார். "அவ சூரியனத்தான் சொல்ல வாறா."

எதைச் சொன்னாலும் ஒருவர் சம்மதிப்பார், இருவர் மறுப்பார்கள். ஜன்னல் வழியே வெளியே புன்னைமரம் தெரிந்தது. அதனடியில் அப்பா குடையோடு நின்றார். என்னைக் கூட்டிப்போக வந்தவர் ஜன்னலைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஊதிய கதவு, அந்தப் பக்கம் மாமியின் அடுக்களை. வேறு வழியில்லாமல் என் தொழிலிலிருந்தே ஓர் உவமையை எடுத்துப் போட்டேன்.

"எண்ணெயும் தண்ணியும் சேராது. நடுவில பிசின் இருந்தா சேரும்..."

"அப்போ பரிசுத்த ஆவி பிசினா ஏட்டி?" என்றார் ஜவுளிக்கடைக்காரர். வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. அவர் கேட்டது நியாயம். ஆவியானவரும் ஓர் ஆள். ஒட்டவைக்கிற பசை என்றால் ஆளாக இருக்க முடியாது. பிசின் என்று சொன்ன வாயிலேயே எனக்கு அம்மை ஞாபகம் வந்தது. அவளையும் அப்பாவும் நானும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

அதன்பிறகு நான் பேசியது யோசித்துப் பேசியதல்ல.

"எங்க வீட்டில மூணு பேரு இருந்தோம். அப்ப ஒரு வீடு. அம்மை போனதுக்குப் பெறவு ரெண்டு பேரு. இப்ப ரெண்டு வீடு."

ஜவுளிக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார், நான் பேச்சை நிறுத்தவில்லை.

"உலகத்த உண்டாக்கதுக்கு முந்தி தேவன் ஒத்தைக்கு இருந்தாருன்னா, அவரு யார நேசிச்சாரு? நேசிக்க ஆளில்லாம அன்புன்னு ஒண்ணு எங்க இருக்கும்? அவரு ஒத்தைக்கு இல்ல. பிதாவுக்குக் குமாரன் உண்டு, குமாரனுக்குப் பிதா உண்டு, ஆவியானவரு உண்டு. ஒருத்தரு இன்னொருத்தருல கரைஞ்சு போகவும் இல்ல, பிரிஞ்சு போகவும் இல்ல. அதனால அவரு நம்மள உண்டாக்குனது வீட்டுல ஆளில்லங்கிற கொறைக்கு இல்ல. நெறஞ்சு இருந்து உண்டாக்குனாரு. எனக்கு அது எப்பிடின்னு தெரியாது. எதுக்குன்னு மட்டும் தெரியும்."

கடைசி வாக்கியங்கள் பாதி தேவனைப் பற்றி, பாதி மாமியைப் பற்றி. அதை டீக்கன்மார் கண்டார்களா தெரியாது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "தேவனுக்கு வீட்டை உவமை சொல்லப்பிடாது" என்றார். "தேங்காயச் சொல்லலாமாக்கும்?" என்றார் ஜவுளிக்கடைக்காரர், எனக்காக அல்ல, பழைய பகைக்காக. மறுபடி தொடங்கியது. தேங்காய்க்குக் கண் மூன்று என்று வயல்காரர் புதிதாக ஒன்றைச் சொன்னார். நான் முக்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாட்டிக்கொண்ட ஆளை மறந்துவிட்டு, மாட்டவைத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிற நேரம் இருக்கிறதே, அதைவிட நீளமான நேரம் ஒன்றும் கிடையாது.

கடைசியில் என்னை விடுவித்தது எந்த உவமையும் இல்லை. வயல்காரர் ஜன்னல் வெயிலைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "எனக்கு மடை நேரமாச்சு. இப்பப் போகலன்னா மேல வயல்காரன் தண்ணியத் திருப்பிருவான்."

"சாரல் பெஞ்சுதே" என்றார் வாத்தியார்.

"சாரல்ல வயலு நனையும் வாத்தியாரே, நெல்லு குடிக்காது. பிள்ளைக்கு எழுதிக் குடுங்க. அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் எனக்குத் தெரியல்ல. தேங்காய் இல்ல, அவ்வளவுதான்."

முடிவு சொல்லாமல் அவர் போய்விட்டால் மூவர் சம்மதம் கிடைக்காது, இந்தச் சண்டையை இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூவரும் சம்மதித்தார்கள். வயல்காரர் தோளால் கதவை இடித்தார். முதல் இடிக்குத் திறக்கவில்லை.

கதவு திறந்தது, நான் பறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த அறையிலிருந்து இந்த மருந்து அறைக்கு வந்தேன். இதற்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல். மாமி ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு வேறு இடத்தில் மருமகள் கிடைத்து, இடுப்பு வலிக்கு என்னிடமே தைலம் வாங்க வந்தாள்.

அன்று புன்னைமரத்தடிக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது; மரம் கைக்கெட்டும் தூரம். அப்பா எல்லாவற்றையும் கேட்டிருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேனே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முன்னால் நடந்தார். குளத்துக் கரை வந்தது. லேசாகத் தூறியது. அப்பா நின்றார். வழக்கம்போல வேறெங்கோ பார்ப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தார்தான். பிறகு கழுத்தைத் திருப்பினார். கல் உரலைத் திருப்புவது போல இருந்தது.

"மக்கா, குடை வேணுமா?" என்றார்.

நான் அம்மையைத் தேடினேன், பழக்கம். பிறகு, "வேணும்ப்பா" என்றேன்.

அதன்பிறகு அவர் பேச்சாளராகிவிடவில்லை. நாளுக்கு ஒரு கேள்வி: சோறு உண்டாயா, மருந்துச்சாலையில் கூட்டமா, குடை வேணுமா. சில நாள் அந்த ஒன்றும் இராது. போன வருஷம் கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது, நான் கலக்கிய கொயினா மருந்தை வாங்கிக் குடித்துவிட்டு, "கசக்கு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது அந்த அறை இல்லை. கோயிலைப் பெரிதாக்கியபோது இடித்துவிட்டார்கள். கதவு யாருடைய ஆட்டுத் தொழுவத்திலோ இருக்கிறதாம். தேங்காய், சூரியன் இருவரும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில். கயிறு மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். இப்போதைய பரீட்சைக்கு அச்சடித்த விடைகள் உண்டு. பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே குரலில் சொல்கிறார்கள். விளங்குகிற மாதிரி சொல்லு என்று யாரும் கேட்பதில்லை. யாரும் சண்டை போடுவதுமில்லை.

எமல்ஷனை இரண்டாம் முறை மெதுவாகச் செய்தேன், பிரியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அடுக்களை வாசலைப் பார்த்து, "வந்தாச்சு" என்றேன். தினமும் சொல்கிறேன். ஞாயிறுதோறும் ஆசீர்வாதத்தில் மூன்று பெயர்களையும் சொல்லும்போது, ஒத்தைக்கு இல்லாத அந்த வீட்டை நினைத்துக்கொள்வேன். அப்பாவும் போன பிறகு எங்கள் வீட்டில் இப்போது நான் ஒருத்தி. வெளியே சாரல் பிடித்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். குடை ஆணியில்தான் தொங்குகிறது. கேட்க ஆள் இல்லாததால் வேணுமா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.