காற்றில்லாத ஐந்தாவது சில்லு

காலையில் வேலைக்குப் புறப்படுமுன் நான் செய்யும் ஒரு காரியம் எங்கள் தெருவில் சிரிப்புக்கு இடமாகிவிட்டது. காரின் பின்மூடியைத் திறந்து, உள்ளே கிடக்கும் ஸ்பெயர் சில்லைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பனி கொட்டினாலும் அழுத்துவேன். றப்பர் விரலைத் திருப்பித் தள்ளினால்தான் மூடியைச் சாத்துவேன். பக்கத்து வீட்டு மிஸஸ் ஹில் இரண்டு வருடமாக இதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர், போன கிழமை பொறுக்க முடியாமல் வேலியடிக்கு வந்து, என் டயர்கள் அடிக்கடி பழுதாகின்றனவா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் தினமும் பார்க்கிறாய் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் நாட்டில் ரோட்டு மோசம் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர் எங்கள் தெருவின் வழவழப்பான தாரை ஒருதரம் பார்த்தார். "ஆனால் நீ இப்போது இங்கேயல்லவா இருக்கிறாய்," என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு கராஜின் தொலைபேசி எண்ணை எழுதி வந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இங்கே வழியில் காற்றுப் போனால் பெரும்பாலானோர் கையை அழுக்காக்குவதில்லை. ரோட்டோரத் தொலைபேசிக் கூண்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, காருக்குள் இருந்து பேப்பர் வாசிக்கிறார்கள். சீருடை போட்ட ஒருவர் வந்து சில்லை மாற்றித் தந்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு விடைபெறுகிறார். என்னுடைய நாளில் வன்னியில், கண்டி வீதியில் ஒரு கார் நின்றுவிட்டால் காட்டுக்குள் விறகு வெட்டுகிறவன்கூடக் கோடரியோடு ஓடிவருவான். தள்ளுவான், தூக்குவான், குடிக்கத் தண்ணீர் தருவான். காற்று மட்டும் அவனிடம் இருக்காது. அந்தக் காற்றைப் பற்றி எழுத ஒன்பது வருடமாக இழுத்தடித்து இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல், முறிகண்டிக்குத் தெற்கே குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர்கள். காடு வெட்டி, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து, நெல் விளைவித்தார்கள். நான் குளத்து வேலையில் ஓவசியர், வேலையாட்களை மேற்பார்ப்பவன். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் வீட்டில். எங்கள் வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது, கொண்டுபோக வழியில்லாத தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டே இருக்கை, கூரைக்குப் பதில் ஒரு துணி, கம்பிச் சில்லுகள். ஐந்தாவது சில்லு எல்லோருக்கும் தெரியும்படி பின்புறத்தில் மாட்டியிருக்கும். அந்தக் காரில் ஏறிய நாள் முதல் எனக்குத் தலைகால் தெரியவில்லை. நெல் மூட்டை ஏற்ற உதவாத கார் என்று அத்தான் பகிடி பண்ணுவார். அக்கா மட்டும் அதற்குத் திருநீறு பூசி, முன்கண்ணாடியில் பூ வைத்தாள்.

ஒருநாள் அந்தக் காரைக் காட்டவென்றே புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போனேன். வழியில் ஆணி ஏறியது. ஸ்பெயர் சில்லைப் போட்டுக்கொண்டு, ஆணி ஏறியதைப் பின்னால் மாட்டினேன். ஒட்டுப் போடும் கடை கிளிநொச்சியில் இருந்தது. அதன் பிறகு மூன்று கிழமையில் அந்தக் கடைக்கு முன்னால் நாலு தரமாவது போயிருப்பேன். கடைக்காரன் கழற்றி வைத்தால் பின்புறம் மொட்டையாகத் தெரியும் என்று நிற்காமல் வந்தேன். பாரம் ஏறாதவரை காற்றில்லாத டயரும் உருண்டையாகத்தான் தெரியும். அதைத் தேங்காயெண்ணெய் பூசிப் பளபளக்க வைத்திருந்தேன்.

அக்காவை வரம்பில் புடையன் பாம்பு கடித்தது ஒரு மத்தியானம். விஷகடி வைத்தியர் காலைப் பார்த்துவிட்டு, "இது என்ரை கையிலை நிக்காது, கிளிநொச்சிக்குக் கொண்டு ஓடுங்கோ," என்றார். அவளை என் பக்கத்தில் இருத்தினோம். இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடுக்கில் அத்தான் குந்தி, அவளுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டி வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். நிற்காமல் போகிறவனைப் பிள்ளையார் வழியில் மறிப்பார் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கோயில் மரங்கள் தெரிந்ததும் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"தம்பி, ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் போவம்."

"நிப்பாட்டாதை," என்றார் அத்தான். "விடு, விடு. திரும்பி வரேக்கை நூறு தேங்காய் அடிக்கலாம்."

நான் நிற்கவில்லை. அத்தான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிளிநொச்சிக்கு நாலு கட்டை, நாலு மைல், இருக்கும்போது முன்சில்லு வெடித்தது. பின்னால் இருந்ததைக் கழற்றினேன். அது காற்றில்லாதது என்பதை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். நல்லதென்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். மாட்டி, ஜாக்கியை இறக்கினேன். சில்லு அப்படியே நசிந்து நிலத்தோடு படுத்தது. அப்படியே ஓட்டினேன். கால் கட்டைகூடப் போகவில்லை, டயர் கிழிந்து, கம்பிகள் மடிந்து, கார் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுவிட்டது.

அத்தானுக்குக் கலப்பை தெரியும், காளை தெரியும். கார் தெரியாது. "இதுக்கும் காத்தில்லையே?" என்று கேட்டார். "பிள்ளையார் ரெண்டையும் பிடிச்சுப் போட்டார். அவள் நிப்பாட்டச் சொன்னவள். நான்தான் விடேல்லை. அப்பிடித்தானே, தம்பி?"

"ஓம் அத்தான்," என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்கள் பல. ஆளைக் கொன்ற பொய் அது ஒன்றுதான், அக்காவையல்ல, அவரை.

ஒரு மணித்தியாலம் கழித்து முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவரின் கருவாட்டு லொறி வந்தது. அவர் கேள்வி கேட்காமல் சாக்குகளை ஒதுக்கி இடம் செய்தார். அத்தான் அக்காவைத் தூக்கி ஏற்றும்போது அவர் என் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து, கிழிந்த டயரில் துருவேறிக் கிடந்த ஆணித்தலையைப் பெருவிரலால் தடவினார். "தம்பி, இது இண்டைக்கு ஏறின ஆணி இல்லையே," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். நான் தலைகுனிந்தேன். அவர் அத்தானிடம் அதைச் சொல்லாமல் லொறியை எடுத்தார். ஆசுபத்திரி வாசலுக்கு லொறி போய்ச் சேருமுன் அக்கா போய்விட்டாள்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்ததும் அத்தான் வயலை வேறொருவரிடம் விட்டுவிட்டு முறிகண்டிக்குப் போனார். அங்கே ரோட்டோரம் கடலை வறுத்து விற்கிறார். எந்த வாகனமாவது நிற்காமல் போனால் நடு ரோட்டுக்கு ஓடிவந்து கையை விரித்து மறிக்கிறார். "நிக்காமல் போய் மனிசியைச் சாகக் குடுத்தவன் நான்," என்று சாரதிமாரிடம் கதை சொல்கிறார். லொறிக்காரர் அவரை விசரன் என்கிறார்கள். நான் இரண்டு மாதம் அதைப் பார்த்தேன். சொல்ல வாயெடுப்பேன், முடியாது. படிக்கப் போகிறேன் என்று சொல்லிக் கப்பலேறினேன். இங்கே ஒன்றும் படிக்கவில்லை. ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறேன்.

எனக்கென்று அந்த மண்ணில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். நான் இங்கே கார் வைத்திருப்பதைக் கேள்விப்பட்டுப் போன மாதம் எழுதியிருந்தார். "தம்பி, அங்கை வழியிலை பிள்ளையார் இருக்கிறாரோ தெரியாது. இல்லாட்டியும் எங்கையாவது ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் போ. நான் வெள்ளிக்கு வெள்ளி ரெண்டு தேங்காய் அடிக்கிறன். ஒண்டு என்ரை பிழைக்கு. மற்றது உன்ரை பயணத்துக்கு."

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் குளிரில் பின்மூடியைத் திறக்கிறேன். மிஸஸ் ஹில் கேட்டதற்கு இது பதில். நான் இப்போது இங்கேதான் இருக்கிறேன். என் பெருவிரல் மட்டும் கிளிநொச்சிக்கு நாலு கட்டைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

கடிதமாக எழுதினால் கிழித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில், எங்கள் தெரு முடிகிற இடத்தில் உள்ள சிவப்புத் தபால்பெட்டியடியில் காரை நிப்பாட்டி இதைப் போடுவேன். அத்தானுக்கு யாராவது வாசித்துச் சொல்வார்கள். இல்லையென்றால் என்றைக்காவது கடலை சுற்றும் கடதாசியாக அவர் கைக்கே போய்ச் சேரும்.

அத்தான், அந்தச் சில்லைப் பிள்ளையார் பிடிக்கவில்லை. அதில் மூன்று கிழமையாகக் காற்றில்லை. எனக்கு அது தெரியும். ரோட்டில் இறங்கி மறிக்கிறதை விடுங்கோ. முதலாவது தேங்காயை இனி அடிக்க வேண்டாம். இரண்டாவதை அடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.